கூடத்தின் ஒழுங்கு

மனையின் உறுப்புகள் பல. சமைப்பதற்கு அடுக்களையும், உறங்குவதற்குப் படுக்கையறையும், வழிபடுவதற்குப் பூசையறையும் அமைந்துள்ளன. இவை ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்கு உரியது. கூடமோ எல்லாத் தொழில்களுக்கும் உரியது. விருந்தினரை வரவேற்பது அங்கே. பிள்ளைகள் பாடம் படிப்பது அங்கே. முதியோர் இளைப்பாறுவது அங்கே. செய்தித்தாள் படிப்பதும், தொலைக்காட்சி காண்பதும், துணி மடிப்பதும், பூத்தொடுப்பதும் கூடத்திலேயே நிகழ்கின்றன. கூடம் என்ற சொல்லைக் கேட்டவுடனே கூடுதல் என்னும் சொல்லும் நினைவுக்கு வருதல் இயல்பு. குடும்பத்தார் அனைவரும் கூடும் இடத்தில் அவர்தம் பொருள்களும் வந்து கூடிவிடுகின்றன. மக்கள் தம் வேலை முடிந்ததும் எழுந்து செல்கின்றனர். பொருள்களோ எழுந்து செல்வதில்லை. கூடத்தில் தோன்றும் தொல்லைக்கு மூலகாரணம் இதுவே.

மாலை ஆறு மணிக்கு நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கூடத்தை நோக்குக. பள்ளியிலிருந்து வந்த பிள்ளையின் புத்தகப்பை நாற்காலியில் கிடக்கிறது. காலுறை ஒன்று அதன் கீழும், மற்றொன்று வாயிலின் அருகிலும் கிடக்கின்றன. அலுவலகத்திலிருந்து வந்த தந்தையின் சாவிக்கொத்து தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் இருக்கிறது. பாட்டியின் மூக்குக் கண்ணாடி செய்தித்தாளுக்கு அடியில் மறைந்துவிட்டது. கொடியிலிருந்து எடுத்துவந்த துணி சாய்விருக்கையில் குன்றெனக் குவிந்துள்ளது. கைப்பேசிக்கு மின்னூட்டும் கம்பி நடைவழியின் குறுக்கே கொடிபோல் ஓடுகிறது. இவற்றுள் எதுவும் வேண்டாத பொருள் அன்று. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குத் தேவையானதே. எனினும் அக்கூடத்தைக் காண்போர், “குப்பையாகக் கிடக்கிறதே!” என்று கூறுவர்.

குப்பை என்னும் சொல் ஆராய்தற்கு உரியது. இக்காலத்தில் அது கழித்து எறியத்தக்க இழிந்த பொருளைக் குறிக்கின்றது. பழந்தமிழில் குவியல் என்பதே அதன் பொருள். களத்தில் குவித்த நெல்லும் குப்பை எனப்பட்டது. அளத்தில் குவித்த உப்பும் குப்பை எனப்பட்டது. நெல்லும் உப்பும் இழிந்தவை அல்ல. குவிக்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றன. பிற்காலத்தில் சொல்லின் பொருள் மாறியது. ஆயினும் பழைய பொருளில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஒழுங்கின்றிக் குவிக்கப்படும்பொழுது நல்ல பொருளும் பயன் இழக்கின்றது. கண்ணாடி விலையுயர்ந்ததே; ஆனால் தேடியும் கிடைக்காத கண்ணாடியால் ஓர் எழுத்தையும் படித்தல் இயலாது. ஆதலின், கூடத்தைச் சீர்செய்தல் என்பது பொருள்களை வெறுத்தல் அன்று. பொருள்களுக்கு அவற்றின் பயனை மீட்டுத் தருதல் ஆகும்.

குவியலால் விளையும் பெருந்தீங்கு ஒன்று உண்டு. குவியலுள் அரியதும் எளியதும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும். தமிழ்நாட்டு வரலாறே இதற்குச் சான்று. பண்டைத் தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராகச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942), பல இடங்களில் ஏட்டுச்சுவடிகள் பேணுவாரின்றிக் குவிந்து கிடந்ததைக் கண்டார். செல்லரித்து மண்ணானவை பல. பயனற்றவை எனக் கருதி ஆற்று நீரில் விடப்பட்டவையும் உண்டு. அவற்றை வைத்திருந்தோர் தமிழை வெறுத்தவர் அல்லர். இன்னது இன்ன நூல் என்று பிரித்து வைக்காமையால், எது காக்கத்தக்கது என்பதை அவர்கள் அறிய முடியாமற் போயிற்று. இக்காலத்து இல்லங்களிலும் இத்தகைய இழப்பு நேர்வதுண்டு. மருத்துவ அறிக்கையும், நிலப் பத்திரமும், பள்ளிச் சான்றிதழும் பழைய செய்தித்தாள்களோடு கலந்து, எடைக்கு எடை விலைபோய்விடுகின்றன. மறுநாள் அவற்றைத் தேடுவோர் படும் துன்பம் சொல்லும் தரமன்று.

ஒழுங்கின்மையால் காலமும் பொருளும் கெடுவதோடு உடல்நலமும் கெடுகின்றது. இரவில் நீர் அருந்த எழும் முதியவர், நடைவழியில் கிடக்கும் கம்பியிலோ விளையாட்டு வண்டியிலோ கால் இடறி விழுந்தால், இடுப்பெலும்பு முறியக்கூடும். முதுமையில் அவ்வாறு முறிந்தவர் மீண்டும் முன்போல் நடமாடுதல் அரிது. கைக்கடிகாரத்திலும் சிறு விளையாட்டுக் கருவிகளிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலம் தரையில் உருண்டு கிடப்பின், தவழும் குழந்தை அதனை எடுத்து விழுங்கிவிடும். அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உள்ளே கடும்புண்ணை உண்டாக்கவல்லது என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். பழந்தாள் அடுக்குகளின் இடுக்கில் கரப்பான் பூச்சி பெருகும். நெடுநாள் அசையாத துணிக்குவியலில் தூசி படிந்து இளைப்பு நோயாளரை வருத்தும். அழகுக்காக வைத்த செடிக்குப்பியின் நீரை வாரந்தோறும் மாற்றாவிடின், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். எனவே கூடத்தின் ஒழுங்கு கண்ணுக்கு இனிய காட்சி மட்டுமன்று. குடும்பத்தில் மிக எளியவரான முதியோருக்கும் குழந்தைக்கும் காப்பும் ஆகும்.

“அந்தக் காலத்தில் பொருள்கள் குறைவு, அதனால் வீடு ஒழுங்காய் இருந்தது” என்று சிலர் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. பழைய ஓட்டு வீட்டின் கூடத்தில் இன்றைய கூடத்தைக் காட்டிலும் மிகுதியான வேலைகள் நடந்தன. பகலில் பந்தி நடந்த அதே தரையில் இரவில் பத்துப் பேர் உறங்கினர். அவ்வாறு உறங்கியதனாலேயே விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவது கட்டாயம் ஆயிற்று. விளக்குக்கு மாடக்குழி, துணிக்குக் கொடி, எப்பொழுதாவது எடுக்கும் பாத்திரங்களுக்குப் பரண் என ஒவ்வொன்றுக்கும் இடம் வகுக்கப்பட்டிருந்தது. திருமணம் போன்ற விழா வந்தால் ஊஞ்சற் பலகையையும் கழற்றி வைத்தனர். தரை எப்பொழுதும் அடுத்த வேலைக்கு விடப்பட்டிருந்தது. ஒரு வேலை முடிந்ததும் அதன் கருவியை அகற்றி, அடுத்த வேலைக்கு இடம் தருதல் என்னும் இந்தப் பழக்கமே அக்கூடத்தின் ஒழுங்குக்குக் காரணம். பாய் சுருட்டும் பழக்கம் மறைந்தபொழுது, அதனோடு சேர்ந்து இந்த நல்லியல்பும் மறைந்துவருகிறது.

“வீடு சிறியது, என் செய்வது?” என்பது மற்றொரு சாக்கு. வீட்டின் அளவு ஒழுங்கைத் தீர்மானிப்பதில்லை. நகரங்களில் ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பங்கள் பல உள்ளன. அவ்வறையே கூடம், அதுவே அடுக்களை, அதுவே படுக்கையறை. அங்கே பெட்டிகள் கட்டிலின் அடியில் அடங்கியிருக்கும். புத்தகப்பைகள் சுவரிலுள்ள ஆணியில் தொங்கும். பாத்திரங்கள் பலகையில் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். இடம் குறைந்தவிடத்து ஒழுங்கு தவிர்க்கமுடியாத தேவையாகிறது. ஒழுங்கின்மைக்கு இடமளிப்பது பெரும்பாலும் பெரிய வீடே.

ஒழுங்குக்கு முதல் விதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடத்தை உரியதாக்குதல். இவ்விதியின் ஆற்றலை உலகுக்கு விளங்கவைத்தவர்களுள் தலைசிறந்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராய்ப் பணியாற்றியபின், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. படிப்பவரின் காலம் வீணாகாமல் காக்கப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அக்கருத்தைப் பின்பற்றும் நூலகத்தில் எந்த நூல் எந்த நிலைப்பேழையில் இருக்கும் என்பதை எவரும் எளிதில் அறியலாம். ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ள இடத்தில் ஒரு நூல் இடம் மாறி வைக்கப்பட்டால், அது தொலைந்த நூலுக்கு ஒப்பாகும். கூடத்திலும் அவ்வாறே. சாவிக்கு வாயிலருகே ஓர் ஆணி, செய்தித்தாளுக்கு ஒரு தட்டு, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கூடு என இடம் வகுத்துவிட்டால், இருளிலும் கையை நீட்டி எடுக்கலாம்.

இல்லத்துக்கும் நூலகத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். நூலகங்கள் பலவற்றில், படித்து முடித்த நூலை மேசைமீதே வைத்துவிடுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்வர். அதனை உரிய இடத்தில் சேர்ப்பதற்கு ஊதியம் பெறும் பணியாளர் அங்கே உளர். இல்லத்தில் அத்தகைய பணியாளர் எவரும் இலர். ஆயினும் குடும்பத்தார் யாவரும் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வையாது, கண்ட இடத்தில் விட்டுச் செல்கின்றனர். மறுநாட் காலையில் அவை தத்தம் இடத்தில் இருக்கின்றன. இது தானே நிகழ்ந்ததன்று. எல்லாரும் உறங்கிய பின்னரோ, எல்லாரும் எழுவதற்கு முன்னரோ, அன்னை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறாள். ஊதியமும் ஓய்வும் இல்லாத பணியாளாக அவள் ஆக்கப்பட்டிருக்கிறாள்.

இது மிகைபடக் கூறியதன்று. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், மக்கள் ஒரு நாளின் பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர் என்று 2019ஆம் ஆண்டில் ஆய்வு நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை அவ்வாய்வு கணக்கில் கொண்டது. குடும்பத்துக்காக ஊதியமின்றி வீட்டுவேலை செய்தோர் பெண்களுள் நூற்றுக்கு 81 பேர்; ஆண்களுள் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. அவ்வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். ஆண் செலவிட்டது 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைக்கும் அவளிடமே, பிறர் விட்டுச்சென்ற காலுறையைத் தேடி எடுக்கும் வேலையையும் சுமத்துவது அறமாகாது. அவளும் வெளியே சென்று பொருளீட்டுபவளாயின், அச்சுமை இரு மடங்காகிறது.

ஆதலின், கூடத்தின் ஒழுங்கைப் பற்றிப் பேசுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, “எப்படி அடுக்குவது?” என்பதன்று, “யார் அடுக்குவது?” என்பதே. கூடம் எல்லாருக்கும் பொது. பொதுவான இடத்தைப் பயன்படுத்தும் உரிமை எல்லாருக்கும் உண்டாயின், அதனைப் பேணும் கடமையும் எல்லாருக்கும் உண்டு. உரிமையைத் தாம் வைத்துக்கொண்டு கடமையைப் பிறர் தலையில் ஏற்றுதல், வீட்டுக்குள் நிகழும் ஓர் அநீதி. அன்பின் பெயரால் நிகழ்வதால் அது அநீதி என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஆண்பிள்ளை துடைப்பத்தைத் தொடலாகாது என்று கருதும் வீடுகள் இன்றும் உள்ளன. துடைப்பத்துக்கு ஆண் என்றும் பெண் என்றும் வேற்றுமை தெரியாது; தான் உண்ட தட்டையும், தான் உடுத்த துணியையும், தான் படித்த நூலையும் எடுத்து வைத்தலால் எவருக்கும் பெருமை குறைந்துவிடாது.

இக்கடமையைச் செய்ய நெடும்பொழுது வேண்டுவதில்லை. இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் போதும். அந்நேரத்தில் குடும்பத்தார் அனைவரும் எழுந்து, தத்தம் பொருள்களைத் தாமே உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். நான்கு பேர் கால் மணி நேரம் செய்தால், அது தனி ஒருத்தியின் ஒரு மணி நேர உழைப்புக்கு ஈடாகும். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு ஓய்வாகக் கிடைக்கும்.

இடம் வகுக்கும்பொழுது சிலவற்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். பொருளின் இடம், அது பயன்படும் இடத்துக்கு அண்மையில் இருத்தல் நன்று. வாயிலில் கழற்றும் செருப்பை வீட்டின் பின்புறத்தில் வை என்றால் எவரும் வையார். பிள்ளைகளின் பொருள்களுக்கு உரிய இடம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைதல் வேண்டும். ஐந்து அடி உயரத்தில் ஆணியை அடித்துவிட்டு, பையை மாட்டவில்லையே என்று சிறுவனைக் கடிவது முறையன்று. குழந்தையின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஒரு கூடையே போதும். கூடை நிறைந்தால் அதற்கு மேற்பட்டவற்றை எடுத்து வைத்துச் சில நாட்கள் கழித்து மாற்றித் தரலாம். மருந்தும், கூரிய கருவியும், சிறு மின்கலமும் மட்டும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்கத்தக்கவை.

எத்துணை நன்றாக அடுக்கினும், வரவு மிகுந்து கழிவு குறைந்தால் அடுக்கு நிலைக்காது. ஆண்டுக்கு ஒரு முறை பழையன கழிப்பதற்கெனத் தமிழர் போகி நாளை வைத்தனர். தச்சன் உளியும் மாணவர் நூலும் ஆயுத பூசையின்போது தூசி துடைக்கப்பெற்று ஓரிடம் சேர்கின்றன. நவராத்திரிக் கொலுவில் ஒன்பது நாள் வீற்றிருந்த பொம்மைகள், விழா முடிந்ததும் துணியிற் பொதியப்பெற்றுப் பெட்டிக்குத் திரும்புகின்றன. காட்சிக்கு வைப்பதற்கு ஒரு காலமும், உள்ளே வைப்பதற்கு ஒரு காலமும் உண்டு என்பதை இவ்வழக்கங்கள் உணர்த்துகின்றன. இக்காலத்துப் பொருள்வரவுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் போதாது. மாதம் ஒரு முறை செய்தித்தாள்களைப் பழைய தாள் கடைக்கு அனுப்புதலும், சிறிதாகிப்போன நல்ல உடைகளையும் படித்து முடித்த பாடநூல்களையும் வேண்டுவோர்க்கு வழங்குதலும் நன்று. பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் போகித் தீயில் இடுதல் கூடாது. வீட்டைத் தூய்மை செய்வதாகக் கருதி ஊரார் மூச்சில் நஞ்சு கலத்தல் பெரும்பிழை.

இவ்வாறு கூறுவதனால், கூடம் ஓர் அருங்காட்சியகம்போல் இருத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. சிலர் வீட்டில் விருந்தினர்க்கென வைத்த நாற்காலியில் பிள்ளைகள் அமரக்கூடாது; மேசைமீது நூல் இருத்தல் கூடாது; பாட்டனார் தம் வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவருதல் கூடாது. அங்கே ஒழுங்கு உண்டு, வாழ்வு இல்லை. மாலையில் பிள்ளைகள் மரத்துண்டுகளால் கோட்டை கட்டும்பொழுது கூடம் கலைந்தே இருக்கும். அக்கலைவு குற்றமன்று, கலைந்ததை மீண்டும் சேர்க்காமல் விடுதலே குற்றம். மனிதருக்காக ஒழுங்கே அன்றி, ஒழுங்குக்காக மனிதர் அல்லர்.

கூடத்தில் பயின்ற பழக்கம் கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. ஜப்பான் நாட்டுப் பள்ளிகளில் மாணவர் தம் வகுப்பறையையும் நடைகளையும் தாமே பெருக்கித் துடைக்கின்றனர். அது கல்வியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. 2022ஆம் ஆண்டு கத்தார் நாட்டில் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தது. ஆட்டத்தைக் காணச் சென்ற ஜப்பானியர் பலர், ஆட்டம் முடிந்தபின் இருக்கைகளின் இடையே கிடந்த குப்பையைத் தாம் கொண்டுவந்த பைகளில் திரட்டிச் சென்றனர். உலகம் அதனை வியந்து பேசியது. இளமையிலேயே, பொதுவிடம் தமக்கும் உரியது என்று கற்றவர்க்கு அது வியப்பன்று, இயல்பு. பேருந்தின் இருக்கையும், பள்ளியின் நீர்த்தொட்டியும், ஊரின் ஆற்றங்கரையும் பலருக்குப் பொதுவான கூடங்களே. வீட்டுக் கூடத்தில் தான் விட்ட பொருளைப் பிறர் எடுப்பார் என்று எண்ணி வளர்ந்தவன், ஆற்றங்கரையிலும் அவ்வாறே எண்ணுவான். அங்கே எடுப்பதற்கு அவன் அன்னை வருவதில்லை.

ஆகவே மாணவர் இதனைச் சிறிய செயல் என்று எண்ணிப் புறக்கணித்தல் ஆகாது. நாட்டுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்னும் ஆர்வம் இளையோர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அத்தொண்டுக்குப் பெரிய நாள் ஒன்று வரும் என்று காத்திருத்தல் வேண்டா. பள்ளியிலிருந்து இல்லம் திரும்பியதும் பையை அதற்குரிய ஆணியில் மாட்டுக. காலுறையைத் துவைக்கும் கூடையில் இடுக. பாட்டியின் கண்ணாடியைத் தேடி அவர் கையில் கொடுக்க. பின்னர் அன்னையை அமரச் செய்து, அன்று பள்ளியில் நிகழ்ந்தவற்றைக் கூறுக. அதனைக் கேட்க அவளுக்கு அப்பொழுது நேரம் இருக்கும்.